தீவக இலக்கியமும் சாதாரணமும்: சில குறிப்புகள்

யாழ்ப்பாணத் தீவுகளைப் பற்றி எழுதப்புகுவோர் பெரும்பாலும் ஒரு பட்டியலுடனேயே தொடங்குவர். நெடுந்தீவெனின் குதிரைகளும் பெருக்கு மரமும் இடிந்த கோட்டையும், நயினாதீவெனின் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும், ஊர்காவற்றுறையெனின் கடற்கோட்டை. இப்பட்டியலில் அடங்காதன யாவும் 'சாதாரணம்' என ஒதுக்கப்படுகின்றன. சிறப்படையாளம் அற்றது எழுதுதற்கும் உரியதன்று என்னும் இவ்வெண்ணம் ஆராயப்படவேண்டியதாகும்.

இவ்வெண்ணம் இன்று தோன்றியதன்று. அகப்பாடலிலே ஒருவர் பெயரையும் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. ஆயினும் அந்தப் பெயரின்மை சாதாரணத்தின் அடையாளமாகாது. பெயர் சுட்டப்படாத தலைவன் உயர்ந்தோனே. அடியோரும் வினைவலரும் அன்பின் ஐந்திணைக்குப் புறம்பாகவே வைக்கப்பட்டனர். எனவே, எது சாதாரணம் என்பதைப் பொருளின் இயல்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. நோக்குபவரின் சமூக நிலையும் தீர்மானிக்கின்றது.

1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றிய பின்னர், உழைக்கும் மக்கள் ஈழத்துப் படைப்பிலக்கியத்தின் மையத்துக்கு வந்தனர். இது மறுக்கவியலாத சாதனையாகும். எனினும், பாத்திரம் வர்க்கத்தின் வகைமாதிரியாக அமைதல்வேண்டும் என்னும் கோட்பாடு இயந்திரப் பாங்கிற் கையாளப்பட்டபோது, கடற்றொழிலாளி போராட்ட வேளையில் மட்டுமே கண்ணுக்குத் தெரிபவனானான். போராட்டமில்லாத நாளில் அவன் வலை பொத்துவதும் கடன் கேட்டுச் செல்வதும் கதைக்குப் புறம்பாயின. பழைய பட்டியலின் இடத்தில் வேறொரு பட்டியல் வந்தது எனலாம்.

தீவகத்தின் அண்மை வரலாறு இச்சிக்கலை மேலும் கூர்மைப்படுத்தியது. நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே நாள்தோறும் மக்களையும் மூட்டைகளையும் ஏற்றிச்சென்ற படகு 'குமுதினி'. 1985 மே 15ஆம் நாள் அதிற் பயணஞ்செய்தோரில் இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதன் பின்னரே தீவுக்கு வெளியே அப்பெயர் பரவலாக அறியப்பட்டது. அவ்வாறே, 1991இன் இடப்பெயர்வினால் வெறிச்சோடிய தம் புங்குடுதீவைச் சு. வில்வரத்தினம் 'காற்றுவெளிக் கிராமம்' (1995) தொகுதியிற் பாடினார். மனிதர் இருந்தபோது பேசப்படாத அன்றாட ஊர்வாழ்வு, அவர் நீங்கிய பின்னரே கவிதையின் முழுக் கவனத்தையும் பெற்றது. அக்கவிதைகளின் வலிமை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆயினும், இழந்த பின்னரே சாதாரணத்தைக் காணும் இலக்கிய மரபு ஓர் ஆபத்தையும் உடன்கொண்டுள்ளது: இழந்தது அனைவர்க்கும் ஒரேவிதமாக இனியதாயிருந்தது என்ற மயக்கமே அது.

கிணற்றை எடுத்துக்கொள்வோம். உவர்நீர் சூழ்ந்த இத்தீவுகளில் நன்னீர்க் கிணறு அரியது. நினைவெழுத்துகளில் அது ஊரின் இனிய அன்றாடக் காட்சியாகவே வரும். ஆனால், அதே புங்குடுதீவில் 1971இல், ஒடுக்கப்பட்ட சாதியினர் நன்னீர்க் கிணற்றில் நீரள்ளும் உரிமைக்காக மு. தளையசிங்கம் சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தது. அவர் 1973இல் மறைந்தார். வாளியை இறக்கி நீர் மொள்ளுதல் ஒருவர்க்கு எண்ணிப்பார்க்கவும் வேண்டாத செயல். மற்றவர்க்கு அது அடிவாங்கிப் பெறவேண்டிய உரிமை. தளையசிங்கத்தின் ஆன்மிக நோக்கை முற்போக்கு அணியினர் ஏற்கவில்லை. அவ்விவாதம் அவசியமானதே. எனினும், கோட்பாட்டு நூல்களைப் படித்த அளவுக்கு அக்கிணற்றடியை இருசாராரின் திறனாய்வும் படித்ததாகத் தெரியவில்லை.

சாதாரணம் என்பது அடையாளம் அற்ற வெறுமை அன்று. யார்க்கு எது தடையின்றிக் கிடைத்தது என்பதன் பதிவு. ஆகவே, தீவகத்தை எழுதுவோரிடம் நாம் வேண்டுவது மேலுமொரு பெருக்கு மரத்தையன்று. அந்தக் கிணற்றடியில் யார் நீர் மொண்டார், யார் குடத்துடன் காத்துநின்றார் என்னும் விபரத்தையே.