ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு எடுத்த படம்

“தாத்தா, அந்த ட்யூப்லைட்ட மட்டும் கொஞ்சம் ஆஃப் பண்ணிக்கலாமா?”

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பெரியப்பா வீட்டில் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கல்லூரி விடுமுறைக்கு ஊருக்கு வந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையிலிருந்து நாலைந்து பேர் கேமராவோடு வந்து நிற்பார்கள். பெரியப்பா மறுத்ததே இல்லை. ஜரிகை இழை தெரிவதற்காக மாட்டிய விளக்கு அது. அணைத்தால் வேலை நின்றுவிடும். ஆனால் கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டிலிருந்து ஒளி ஒரு கம்பிபோல இறங்கி அவர் கைமேல் விழும். அவர்களுக்கு வேண்டியது அதுதான். குழித்தறியில் உட்கார்ந்து, ஓடாத நாடாவைப் பிடித்தபடி, நெய்வதுபோல நடிப்பார். அரைமணி நேரம். கூலி புடவைக்குத்தான், மணிக்கு இல்லை.

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெரியப்பாவாக இல்லாவிட்டால் இன்னொருவர். இருட்டு, ஒளிக்கற்றை, சுருங்கிய கை, சிவப்புப் பட்டு. இன்ஸ்டாகிராமில் நெசவாளர் என்று தேடினால் ஒரே கிழவர் நூறு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். பெரியப்பாவின் படம் ஒன்று ஏதோ ஒரு போட்டியில் பரிசு வாங்கியதை நான் தற்செயலாகத்தான் பார்த்தேன். கீழே வலது மூலையில் எடுத்தவர் பெயர், அழகான சாய்வெழுத்தில். தலைப்பு ஆங்கிலத்தில், மறைந்துவரும் கலை என்கிற பொருளில். பெரியப்பா பெயர் இல்லை. அவருக்குக் காட்டியபோது, “கை நல்லா விழுந்திருக்குடா” என்றார். அவருக்குக் கோபமில்லை. எனக்கு இருந்தது. கொஞ்ச காலம் கழித்துத்தான் அந்தக் கோபத்தின் பாதி தப்பான இடத்தில் இருக்கிறது என்று புரிந்தது.

நான் கோபப்பட்டது அந்தப் படம் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதை வைத்து. அந்த ஆள் பத்துப் பக்கங்களுக்கு டேக் செய்திருந்தார். மற்றவர்கள் படத்துக்கெல்லாம் “வேற லெவல்” என்று கருத்திட்டு, பதிலுக்குக் கருத்து வாங்கியிருந்தார். பயிலரங்கு நடத்தும் மூத்தவர் ஒருவரை ஒவ்வொரு பதிவிலும் குருவே என்று விளித்திருந்தார். சிரிப்பாக வந்தது. ஆனால் வேலை மாறுவதற்கு முன் லிங்க்டின்னில் நான் செய்ததும் இதேதான். நல்ல நிரல் தானாகவே பேசும் என்று நம்பி உட்கார்ந்திருந்த என் நண்பர்களுக்கு என்ன நடந்தது என்றும் தெரியும்.

தன்னை முன்னிறுத்துவது கலைஞனுக்கு இழுக்கு என்கிற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? நம் பழைய இலக்கியத்தில் அதற்கு ஆதாரமில்லை. ஆற்றுப்படை என்பதே ஒரு சிபாரிசு. பரிசு பெற்று வருகிற பாணன், வழியில் வறுமையோடு நிற்கிற இன்னொரு பாணனிடம் யாரிடம் போகலாம், எப்படிப் போகலாம் என்று சொல்கிறான். பெரும்பாணாற்றுப்படை காட்டும் வழி எங்கள் ஊருக்குத்தான், காஞ்சியின் தொண்டைமான் இளந்திரையனிடம். எங்கள் கம்பெனியில் இதற்கு ரெஃபரல் என்று பெயர், போனஸ்கூட உண்டு. ஒரு வித்தியாசம்: பாணன் தன்னைப் போலவே இல்லாத இன்னொருவனுக்குக் கதவைத் திறக்கிறான். இதைப் பிறகு பார்ப்போம்.

புகைப்படத்தில் இந்தியாவின் முதல் பெரிய பெயர்களில் ஒன்றான லாலா தீன் தயாள் ஒரு பொறியாளர். ரூர்க்கியில் படித்து, 1866இல் இந்தூரில் பொதுப்பணித்துறை வேலைக்குச் சேர்ந்தவர். 1874 வாக்கில் கேமராவைத் தொட்டார். அதற்குப் பிறகு அவர் ஏறிய படிகளைப் பாருங்கள். இந்தூர் ஹோல்கர் மன்னரின் ஆதரவு, அவர் வழியாக ஆங்கிலேய அதிகாரி ஹென்றி டேலி, பிறகு லெபெல் கிரிஃபின், பிறகு வைஸ்ராய் டஃபரின், கடைசியில் ஹைதராபாத் நிஜாம். 1897இல் விக்டோரியா ராணியின் அரச நியமனம்வரை போனது. ஒவ்வொரு புரவலரும் அடுத்தவருக்கான அறிமுகக் கடிதம். இந்த மனிதரை நெட்வொர்க்கிங் பார்ட்டி என்று ஒதுக்கினால் நமக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகச்சிறந்த கட்டடப் படங்கள் சில கிடைத்திருக்காது. ஆனால் அந்த வலை எங்கே போனதோ கேமராவும் பெரும்பாலும் அங்கேயே போனது: அரண்மனை, வேட்டை, விருந்து, ராணுவ அணிவகுப்பு. யாரிடம் நல்ல பெயர் வாங்க வேண்டுமோ அவர் கண்ணால் பார்க்கத் தொடங்குவது இந்தத் தொழிலின் நோய். அது இன்ஸ்டாகிராமோடு பிறந்ததில்லை.

எதிர்க்கட்சிக்காரர்கள் உடனே விவியன் மாயரைக் கொண்டுவருவார்கள். சிகாகோவில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர், ஒரு லட்சத்துக்கும் மேல் படம் எடுத்து யாரிடமும் காட்டாமல் 2009இல் இறந்துபோனார். தூய கலை! ஆனால் 2007இல் வாடகை பாக்கிக்காக ஏலம்போன அவர் நெகட்டிவ்களில் ஒரு பகுதியை ஜான் மாலூஃப் வாங்கி, ஃப்ளிக்கரில் போட்டு, ஆவணப்படம் எடுத்து, ஊர் ஊராகக் கண்காட்சி வைத்தார். விளம்பரம் நடந்தது. எடுத்தவர் செய்யவில்லை, அவ்வளவுதான். ஏலம் போகாத மாயர்கள் எத்தனை பேர் என்று எண்ண வழியே இல்லை.

ஆகவே வலை கூடாது என்பதில்லை என் வாதம். வலையின் மறுமுனையில் யார் இருக்கிறார் என்பதுதான். பெரியப்பாவின் படத்துக்கு வருகிறேன், அதைப் படமாகவே பார்ப்போம். காஞ்சிபுரம் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வேறுவேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு ஆளால் ஆகாது, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைப் போட வேண்டும். எங்கள் வீட்டில் அது பெரியம்மா. நான் பார்த்த எந்தப் படத்திலும் பெரியம்மா இல்லை. சில படங்களில் இடது ஓரத்தில் ஒரு முழங்கை மிச்சமிருக்கிறது, மற்றதெல்லாம் வெட்டப்பட்டுவிட்டது. தனிமையில் அழியும் கலை என்று தலைப்பு வைக்க இரண்டு பேர் இருந்தால் சரிவராது இல்லையா?

எடுத்தவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அந்தப் படம் முன்பே தெரியும். அதைப் பார்த்து ‘வாவ்’ போடப்போகிறவர்கள் எல்லாருமே அதே படத்தை எடுத்தவர்கள், எடுக்கப்போகிறவர்கள். நடுவர் போன வருடம் அதை எடுத்தவர். புகைப்படக்காரர்களுக்குப் புகைப்படக்காரர்கள் அனுப்பும் வணக்க அட்டையாகப் படம் மாறிவிட்டது. அட்டையில் எதுவும் புதிதாக இருக்கக் கூடாது, இருந்தால் வணக்கம் என்று புரியாது. இந்த வலைக்குள் பெரியப்பா ஒரு இடம், ஒரு ஒளி. காசு வாங்கிக்கொண்டு நடத்தும் புகைப்பட நடையில் எங்கள் தெருவும் ஒரு நிறுத்தம். ஆற்றுப்படைதான், ஆனால் பாணர்கள் பாணர்களுக்கே பரிசு கொடுத்துக்கொள்கிறார்கள்.

இதற்கு மாற்றாக நான் நினைப்பது எம். பழனிகுமாரின் படங்களை. மீன் விற்கும் அம்மா வாங்கிய கடனில் கேமரா வாங்கியவர். மலக்குழி மரணங்களையும் தூய்மைப் பணியாளர் குடும்பங்களையும் வருடக்கணக்கில் பின்தொடர்பவர். 2017இல் வந்த திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தில் ஒளிப்பதிவு அவருடையது. அவரும் வலைக்கு வெளியே நிற்கவில்லை. கண்காட்சி, நல்கை, 2022இல் தயானிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருது எல்லாம் உண்டு. (சாய்நாத்தின் பாரி தளம். பறம்புமலை வள்ளலின் பெயரே வந்து அமைந்தது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.) ஆனால் அவர் படங்களைப் பாருங்கள், கேமரா இருப்பதை அந்த மனிதர்கள் மறக்கவில்லை, நேராக நம்மைப் பார்க்கிறார்கள். பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, இறந்தவர் யார், எப்படி என்று இருக்கிறது. அந்தக் குழந்தைகளுக்குக் கேமரா சொல்லிக்கொடுத்து, அவர்கள் எடுத்ததையும் காட்சிக்கு வைக்கிறார். தனக்குத் திறந்த கதவை இன்னொருவருக்கும் திறந்து பிடிக்கிற பழைய பாணன் வேலை இது. அவருடைய எல்லாப் படமும் வடிவத்தில் சிறந்தவை என்று சொல்லமாட்டேன், சிலவற்றில் செய்தி படத்தை முந்திக்கொண்டு ஓடுகிறது. இருந்தாலும் அவற்றை வேறு ஒருவர் எடுத்திருக்க முடியாது. எங்கள் தெருவில் எடுக்கப்பட்ட படங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

போன தைப்பொங்கலுக்குப் போயிருந்தபோது இன்னொரு பையன் வந்திருந்தான். கல்லூரி மாணவன், தோளில் இரவல் கேமரா. வந்ததும் விளக்கை அணைக்கச் சொல்லவில்லை, பெயர் கேட்டான். பெரியப்பாவுக்கு அது பழக்கமில்லை. “எதுக்குப்பா?” என்றார். பிறகு தன் பெயரைச் சொல்லிவிட்டு, “அவ பேரையும் எழுதிக்கோ, கரை அவ போடறதுதான்” என்று உள்ளே கைகாட்டினார். பெரியம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தார். ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது, படம் தட்டையாகத்தான் வந்திருக்கும். பையன் நம்பரை வாங்கிக்கொண்டேன். படம் இன்னும் அனுப்பவில்லை.