குன்றில் இருந்த இரண்டு எழுத்து

அன்செல் ஆடம்ஸ் 1944இல் கலிஃபோர்னியாவின் லோன் பைன் ஊரருகே எடுத்த சூரியோதயப் படத்தை ரொம்ப நாள் கொண்டாடியிருக்கிறேன். பின்னால் ஒளிபட்ட பனிமலை, நடுவே கருத்த குன்று, முன்னால் ஒரு குதிரை. அந்தக் குன்றில் உள்ளூர் பள்ளி மாணவர்கள் ஊர்ப்பெயரின் முதலெழுத்துகள் இரண்டைப் பெரிதாக, வெள்ளையாக எழுதியிருந்தார்கள். ஆடம்ஸ் அதை நெகட்டிவிலேயே அழித்தார். அழித்ததை அவரே எழுதியும் வைத்திருக்கிறார். குதிரை இருக்கலாம், அந்தப் பசங்க இருக்கக்கூடாதா? படம் இன்னமும் அழகாகத்தான் இருக்கிறது, அதுதான் தொந்தரவு.

கோபத்தோடு, போன லீவில் கன்னியாகுமரியில் விடியற்காலை எடுத்த என் படங்களைத் திறந்தேன். கடல், பாறை, சூரியன். தோளோடு தோள் இடித்து நின்ற கூட்டத்தை மொத்தமாக வெட்டியிருக்கிறேன். குளிருக்கு டீ கொடுத்தவர் முகம் எவ்வளவு யோசித்தும் வரமாட்டேங்குது.