காரணமும் ஆண்டவரும்: நாகூர் மரபுச் சொற்களும் மொழிபெயர்ப்பும்

முன்னுரை

நாகூரில் அடங்கியுள்ள ஷாகுல் ஹமீது வலியைப் பற்றிய வரலாறுகள் தமிழில் செய்யுளாகவும் உரைநடையாகவும் பலவாக உள்ளன. அவற்றுள் இரு நூல்களின் பெயர்களை அருகருகே வைத்து நோக்கினால் ஒரு செய்தி புலப்படும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேகனாப் புலவர் பாடிய காப்பியம் ‘திருக்காரணப் புராணம்’ எனப் பெயர் பெற்றது. நாகூர்ப் புலவர் குலாம் காதிறு நாவலர் (1833–1908) எழுதிய உரைநடை நூலின் பெயர் ‘கன்ஜுல் கராமாத்து’; கராமாத்துகளின் கருவூலம் என்பது இவ்வரபுத் தொடரின் பொருள். ஒரே பெரியாரின் ஒரே வகைச் செயல்களை முன்னது ‘காரணம்’ என்கிறது. பின்னது ‘கராமாத்து’ என்கிறது. ஆங்கிலத்தில் எழுதுவோர் இரண்டையும் பெரும்பாலும் ‘மிராக்கிள்’ என்ற ஒரே சொல்லால் பெயர்க்கின்றனர். அவ்வாறே ‘ஆண்டவர்’ என்பது ‘லார்ட்’ ஆகிறது; ‘தர்கா’ கல்லறை ஆகிறது. இப்பெயர்ப்புகளில் இழக்கப்படுவது யாது என்பதும், அவ்விழப்பு சொல்லளவில் நின்றுவிடுகிறதா என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

மரபுக் கதைகளின் அமைப்பு

16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்பெரியார் வடநாட்டு மாணிக்கப்பூரில் பிறந்தார். குவாலியரில் ஷத்தாரிய்யா நெறியின் பேராசான் முகம்மது கௌஸிடம் பயின்றார். மக்கா சென்று, பின் மாலத்தீவு, இலங்கை முதலிய இடங்களைக் கண்டு, தமிழகம் வந்து நாகூரில் நிலைகொண்டார் என்பது மரபு. அவர்மீது வழங்கும் கதைகளுள் மூன்றினை இங்குக் கருதலாம்.

தஞ்சை அச்சுதப்ப நாயக்கர் தீராத நோயுற்றபோது, அரண்மனையில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த, ஊசிகள் தைத்த புறா ஒன்றினைக் கண்டெடுக்கச் செய்து, ஊசிகளைக் களைந்து மன்னரை நலமுறச் செய்தார் என்பது ஒன்று. லாகூரில் மகப்பேறு இல்லாத ஒரு குடும்பத்தில், அவர் மென்று அளித்த வெற்றிலையால் யூசுபு பிறந்தார் என்பது மற்றொன்று. நடுக்கடலில் துளைபட்டு மூழ்கவிருந்த கப்பலைக் கரையிலிருந்தவாறே கையிலிருந்த கண்ணாடியை எறிந்து காத்தார் என்பது மூன்றாவது.

இக்கதைகள் வியப்பூட்டுவதோடு நின்றுவிடவில்லை. தர்காவில் புறாக்களைப் பறக்கவிடும் நேர்த்திக்கடனுக்கு முதற்கதை விளக்கம் தருகிறது. யூசுபின் வழியினர் தர்காவின் பரம்பரை உரிமையினராக இருப்பதற்கு இரண்டாம் கதை அடிப்படையாகிறது. கடலோடிகள் இவ்விடத்தின்மீது வைத்துள்ள பற்றுக்கு மூன்றாவது கதை சான்றாகிறது. ஆகவே ஒவ்வொரு கதையும் ஒரு வியத்தகு நிகழ்ச்சி. அதே வேளையில் இன்றுள்ள ஒரு வழக்கம் ஏன் வந்தது என்பதற்கான விடை.

காரணம் என்னும் சொல்

இவ்வமைப்பை மனங்கொண்டு நோக்கினால், காப்பியப் புலவர்கள் ‘காரணம்’ என்ற சொல்லைத் தேர்ந்ததன் பொருத்தம் விளங்கும். வியத்தகு நிகழ்ச்சி என்னும் பொருளில் இச்சொல் இஸ்லாமியத் தமிழ்க் காப்பியங்களில் பயின்று வருகிறது. கராமத்து என்பதனோடு இதற்குள்ள ஒலியொப்புமை இத்தேர்வுக்குத் துணைசெய்திருக்கலாம். ஆனால் பொருள்நிலையில் இரண்டும் வேறு. அரபுச் சொல்லின் வேர் ‘மேன்மை, கொடை’ என்னும் பொருளது. இறைவன் தன் அடியார்க்கு அளிக்கும் சிறப்பு என்பது அதன் உட்பொருள். தமிழ்ச் சொல்லோ மூலத்தைச் சுட்டுவது. காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என்று பாகுபடுத்தும் இலக்கண மரபில் பயின்றோர்க்கு, ‘ஏன்’ என்ற வினாவுக்குரிய விடை காரணம் என்பது பழகிய கருத்தாகும்.

அண்டை மரபுகளோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். நாகப்பட்டினத்துக்கு வடக்கே நாகூரும் தெற்கே வேளாங்கண்ணியும் உள்ளன. கத்தோலிக்கர் இத்தகைய நிகழ்ச்சியைப் ‘புதுமை’ என்பர். சீர்திருத்தக் கிறித்தவர் ‘அற்புதம்’ என்பர். சைவர் ‘திருவிளையாடல்’ என்பர். புதுமை முன்பு இல்லாததைச் சுட்டுகிறது. அற்புதம் காண்போர் உணர்வைச் சுட்டுகிறது. விளையாடல் செய்வோன் மனநிலையைச் சுட்டுகிறது. காரணம் தோற்றுவாயைச் சுட்டுகிறது. நான்கையும் ‘மிராக்கிள்’ எனப் பெயர்ப்பவர், நான்கு சமய நோக்குகளையும் ‘அற்புதம்’ என்ற ஒன்றினுள் அடக்கிவிடுகிறார்.

எனினும் ‘காரணம்’ குறையற்ற பெயர்ப்பு என்று கூறுதற்கில்லை. நபிமார் நிகழ்த்துவதை ‘முஃஜிஸா’ என்றும், வலிமாரிடம் வெளிப்படுவதைக் ‘கராமத்து’ என்றும் இஸ்லாமிய இறையியல் வேறுபடுத்துகிறது. காப்பியங்களில் காரணம் என்னும் சொல் இருசாரார்க்கும் பொதுவாக ஆளப்படுவதால் இவ்வேறுபாடு மறைகிறது. நாவலர் தம் உரைநடை நூலுக்கு அரபுப் பெயரைச் சூட்டியதை இந்நோக்கில் மதிப்பிடலாம். ரெயினால்ட்ஸின் ஆங்கிலப் புதினத்தை ‘உமறு பாஷாவின் யுத்த சரித்திரம்’ எனத் தமிழாக்கிய அவர், சொல்லின் எடையை அறிந்தவர். செய்யுள் வழக்கில் கரைந்துபோன இறையியல் வேறுபாட்டை, அவர் நூலின் அரபுப் பெயர் மீட்டுத் தருகிறது.

அரசவைச் சொற்கள்

‘நாகூர் ஆண்டவர்’ என்ற வழக்கே மொழிபெயர்ப்பாளர்க்கு மிகுந்த இடர் விளைவிப்பது. ‘ஆள்’ என்னும் வினையடியாகப் பிறந்த வினையாலணையும் பெயர் இது. பழநி ஆண்டவர் என்னும் வழக்கையும் கிறித்தவத் தமிழின் ஆண்டவர் என்னும் வழக்கையும் அறிந்தவர், நாகூர் ஆண்டவரையும் கடவுள் எனவே பெயர்க்கத் தலைப்படுவார். ஆனால் நாகூர் மரபில் இச்சொல் தனித்து நிற்கவில்லை. ஷா, பாதுஷா, எஜமான், தர்கா ஆகியன இதன் உடனுறை சொற்கள். ஷா என்பது அரசன். தர்கா என்பது பாரசீகத்தில் அரசவை, அரண்மனை வாயில். இச்சொற்கள் யாவும் ஆட்சி என்னும் ஒரே பொருட்புலத்தைச் சேர்ந்தவை. அப்புலத்துள் ஆண்டவர் என்பது ‘ஷா’ என்பதன் தமிழ் இணையாகவே பொருந்துகிறது.

தர்கா என்ற சொல்லின் ஆட்சிப் பொருளுக்குச் சிங்கப்பூர் நல்ல சான்று. அங்குத் தெலுக் ஆயர் தெருவில் 1828–1830 ஆண்டுகளில் தமிழ் முஸ்லிம்கள் நாகூர் தர்காவின் நினைவாக ஒரு கட்டடம் எழுப்பினர். அது 1974இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஷாகுல் ஹமீது வலி அங்கு அடக்கம் செய்யப்படவில்லை. ஆயினும் அதற்கும் நாகூர் தர்கா என்பதே பெயர். தர்காவைக் கல்லறை என்று பெயர்த்தால் இவ்வழக்கு முரணாகும். அரசரது அவை என்று கொண்டால் இயல்பாகும்.

விகுதி காட்டும் வேறுபாடு

பொருட்புலத்தைவிட வலிய சான்று இலக்கணத்தில் உள்ளது. தமிழ் முஸ்லிம்களின் வழக்கில் இறைவனுக்கு ஆண்பால் ஒருமை முடிபும், நபிமார்க்கும் வலிமார்க்கும் உயர்வுப் பன்மை முடிபும் வரும். அல்லாஹ் அருளினான், நபியவர்கள் அருளினார்கள், எஜமான் அவர்கள் வந்தார்கள். இறைவனின் ஒருமையை விகுதியிலும் காக்கும் வழக்கு இது. இதன்படி இறைவன் ‘ஆண்டவன்’. நாகூர்ப் பெரியார் ‘ஆண்டவர்’. கிறித்தவத் தமிழில் கர்த்தர் சொன்னார் என இறைவனுக்கே உயர்வுப் பன்மை வருகிறது. அப்பழக்கத்தோடு நாகூர் நூல்களைப் படிப்பவர் ‘அர்’ விகுதியில் தெய்வத்தைக் காண்கிறார். அந்நூல்களோ அவ்விகுதியால் அவர் தெய்வமல்லர் என்று உணர்த்துகின்றன.

இவ்வேறுபாடு நுணுக்க ஆராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று. தர்கா வழக்கங்கள் இறைவனுக்கு இணைவைத்தல் ஆகுமா என்பது முஸ்லிம்களிடையே இன்றும் விவாதிக்கப்படும் வினா. ஆண்டவரைக் ‘காட்’ என்று பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர், தாம் அறியாமலே அவ்வழக்கில் ஒரு தரப்பின் குற்றச்சாட்டை மறுதரப்பின் வாக்குமூலமாக எழுதிவிடுகிறார்.

கலப்பு என்னும் விளக்கம்

இச்சொற்களை இந்து சமயத் தாக்கத்துக்கும் சமயக் கலப்புக்கும் சான்றாகக் காட்டுவோர் உளர். வங்காள இஸ்லாமிய இலக்கியத்தை ஆராய்ந்த டோனி ஸ்டூவர்ட், 2001இல் வெளியான கட்டுரையில், கலப்பு என்ற கருத்தை விடுத்து, இணைப்பொருள் தேடும் மொழிபெயர்ப்பாக இத்தகைய வழக்குகளைக் காணுமாறு வேண்டினார். நாகூர்ச் சான்றுகள் அவர் கருத்துக்கு அரண் செய்கின்றன. ஓரளவு திருத்தமும் வேண்டுகின்றன. ஆண்டவர் என்பது ஷாவுக்கு இணை எனலாம். காரணம் என்பதோ கராமத்துக்கு இணையன்று. மூலச்சொல்லில் இல்லாத ஒரு பொருளைப் புதிதாகச் சேர்த்தது. இணை தேடுவதோடு புதுப்பொருள் படைப்பதும் இம்மரபின் இயல்பாகும்.

மறுப்புரை ஒன்றும் கருதத்தக்கது. தர்காவுக்கு வருவோருள் இந்துக்கள் பலர். தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங் (ஆட்சிக்காலம் 1739–1763) கட்டுவித்த 131 அடி உயர மினாரா இவ்வீடுபாட்டின் பழமையைக் காட்டும். அவர்கள் ஆண்டவர் என்று அழைக்கும்போது தெய்வம் என்றே கருதக்கூடும். அதனைப் பிழை என்று கூற மொழியியலார்க்கு உரிமையில்லை. ஒரே சொல்லை இருவர் இருவேறு பொருளில் சொல்லி ஒரே வாயிலில் நிற்க முடிகிறது. அதற்கு இடந்தருவது அச்சொல்லின் நெகிழ்ச்சியே. கடவுள் என்று பெயர்ப்பவர் இருவருள் ஒருவரை வெளியேற்றுகிறார்.

முடிவுரை

நாகூர் நூல்களைப் பெயர்ப்போர்க்கு மூன்று கருத்துகள் இங்கு முன்வைக்கப்படுகின்றன. காரணம், கராமாத்து ஆகிய இரண்டும் பெயர்ப்பிலும் இரண்டாகவே நிற்க வேண்டும். ஆண்டவர், தர்கா முதலியவற்றைத் தனித்தனியே அகராதியில் தேடாது, ஆட்சிப் பொருட்புலம் முழுவதையும் நோக்கி ஒருசேரப் பெயர்க்க வேண்டும். ஒருமை, உயர்வுப் பன்மை வேறுபாட்டைப் பெறுமொழியின் வினைமுடிபு காட்ட இயலாதாயின், முன்னுரையிலேனும் அதனை விளக்குதல் வேண்டும். அரபும் பாரசீகமும் தமிழும் கூடிய இடத்தில் முன்னைப் புலவர்கள் ஒருமுறை மொழிபெயர்த்து வைத்த சொற்கள் இவை. அவற்றை மீண்டும் பெயர்ப்பவர், முதற்பெயர்ப்பில் அவர்கள் கொண்ட எச்சரிக்கையைத் தாமும் கொள்ளக் கடமைப்பட்டவர்.