உலாவித் தெரிவு: இரசனையா, சூழலா?

இணையப் பக்கங்களைக் காண்பதற்கு உதவும் உலாவிகளுள் ஒன்றை விடுத்து இன்னொன்றை மக்கள் ஏன் நாடுகின்றனர் என்ற வினாவுக்குப் பொதுவாகக் கூறப்படும் விடைகள் இரண்டு. விரைவு, பாதுகாப்பு முதலான குணங்களை ஒப்புநோக்கிச் சிறந்ததைத் தேர்கின்றனர் என்பது ஒன்று. அவரவர் விருப்பும் பழக்கமும் வேறுபடுதலே காரணம் என்பது மற்றொன்று. முன்னது பயன்படுத்துவோரை நீதிபதியாக்குகின்றது; பின்னது இரசிகராக்குகின்றது. தெரிவு என்ற செயல் உண்மையில் நிகழ்ந்ததாகக் கொண்டே இரண்டும் தொடங்குகின்றன. அவ்வாறு கொள்வது பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டக்களப்பு வாவியை அண்டிய அமிர்தகழியையே எடுத்துக்கொள்வோம். கையடக்கத் தொலைபேசியில் நாள்தோறும் செய்தி படிப்போரிடம் எந்த உலாவியைப் பயன்படுத்துகின்றீர்கள் என வினவின், "கூகிள்" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். தேடற்பொறியின் பெயரே உலாவிக்கும் பெயராக வழங்குகின்றது; உலாவியென ஒன்று தனித்து உண்டென்பது பலரது கருத்திற் படவில்லை. இதனைக் கிராமத்து அறியாமை எனத் தள்ளிவிடல் தகாது. 2009 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் ரைம்ஸ் சதுக்கத்தில் கூகிள் நிறுவனத்தார் வழிப்போக்கரிடம் இதே பொருள் பற்றி வினவியபோது, உலாவி என்றால் யாது என அறிந்திருந்தோர் நூற்றுக்கு எட்டுப் பேரிலும் குறைவு. பெருநகரும் வாவிக்கரையும் இவ்விடயத்தில் ஒன்றுபடுகின்றன. இருப்பதே அறியாத ஒன்றை ஒருவர் தெரிவுசெய்தார் என்பது எங்ஙனம் பொருந்தும்? துறையில் ஏற்கெனவே கட்டிக்கிடந்த தோணியில் ஏறி அக்கரை சேர்ந்தவரைப் பார்த்து, இவர் தோணிகளையெல்லாம் ஒப்பிட்டு இதனைத் தேர்ந்தார் என்பது போன்றதே அக்கூற்று.

அவ்வாறாயின், தோணியைத் துறையிற் கட்டுவோர் யாவர் என்பதே முதன்மை வினாவாகின்றது. வரலாறு இதற்குத் தெளிவான விடை தருகின்றது. 1994 இல் வெளிவந்த நெற்ஸ்கேப் உலாவி சில ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. 1995 இல் மைக்குரோசொவ்ற் நிறுவனம் இன்ரநெற் எக்ஸ்புளோரரை வெளியிட்டு, பின்னர் அதனைத் தனது விண்டோஸ் இயங்குதளத்துடன் பிணைத்தது. இப்பிணைப்புக் குறித்து ஐக்கிய அமெரிக்க அரசு 1998 இல் வழக்குத் தொடுத்தது. ஆயினும், 2000களின் தொடக்கத்தில் பயன்படுத்துவோருள் பத்தில் ஒன்பது பங்கினருக்கு மேற்பட்டோர் அவ்வுலாவியையே கொண்டிருந்தனர். நெற்ஸ்கேப்பின் வாழ்வு 2008 இல் முடிவுற்றது. துறையின் விலை யாதென்பதையும் அண்மை வழக்கொன்று புலப்படுத்திற்று. உலாவிகளிலும் தொலைபேசிகளிலும் தனது தேடற்பொறியே முன்னிற்கவேண்டும் என்பதற்காகக் கூகிள் நிறுவனம் 2021 ஆம் ஆண்டில் மட்டும் 26.3 பில்லியன் டொலர் செலுத்தியமை நீதிமன்றில் வெளியாயிற்று. மக்கள் தாமே ஒப்புநோக்கித் தேர்வர் என அந்நிறுவனம் நம்பியிருப்பின், இத்துணைப் பெருந்தொகையைச் செலவிட்டிராது.

இதற்கு மறுப்பாக இரு சான்றுகள் காட்டப்படலாம். 2004 இல் வெளிவந்த பயர்பொக்ஸும் 2008 இல் வெளிவந்த குரோமும் விண்டோஸ் கணினியில் முன்கூட்டியே பதியப்பட்டு வந்தவையல்ல. மக்கள் தாமே தேடிப் பதிந்துகொண்டவை. இம்மறுப்பில் உண்மை உண்டு. எனினும், இன்ரநெற் எக்ஸ்புளோரரின் ஆறாம் பதிப்புக்கும் ஏழாம் பதிப்புக்கும் இடையில், அதாவது 2001 முதல் 2006 வரை, ஐந்தாண்டுத் தேக்கம் நிலவியமையே பயர்பொக்ஸுக்கு வழிதிறந்தது. குரோமின் விரைவு மெய்யே. ஆயின், உலகெங்கும் பார்க்கப்படும் தேடற்பக்கத்தின் முகப்பிலேயே அதற்கு விளம்பரம் இடம்பெற்றது என்பதும் மெய்யே. இருப்பது குறையுடையது என்ற உணர்வும், வேறொன்று உண்டென்ற அறிவும் ஒருங்கே வாய்க்கும்போதுதான் தெரிவு நிகழ்கின்றது என்பதையே இச்சான்றுகள் காட்டுகின்றன.

அவ்விரண்டும் தமிழ் வாசகருக்கு வாய்த்த சந்தர்ப்பங்கள் தனியே நோக்கத்தக்கவை. ஒருங்குறி பரவுமுன் தமிழ்த் தளங்கள் வெவ்வேறு குறியேற்றங்களைக் கையாண்டன; உரிய எழுத்துரு கணினியில் இல்லையெனின் பொருளற்ற குறிகளே திரையில் தோன்றின. எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தனுப்பும் முறை பின்னர் வந்தபோதும், அதற்கு நெற்ஸ்கேப் ஒரு வடிவத்தையும் இன்ரநெற் எக்ஸ்புளோரர் வேறொரு வடிவத்தையும் கைக்கொண்டன. இதனால், தமிழ் படிக்க விரும்பியவர் தளத்துக்கேற்ற உலாவியை நாடவேண்டியவரானார்.

2010 ஐ அண்டிய ஆண்டுகளில் கையடக்கத் தொலைபேசியில் இதே நிலை மீண்டும் தோன்றியது. பல தொலைபேசிகளில் தமிழ் எழுத்துரு இருக்கவில்லை. சொற்களுக்குப் பதிலாக வெறுங் கட்டங்களே தெரிந்தன. ஒபேரா மினி என்ற உலாவியோ பக்கத்தைத் தனது வழங்கியிலேயே ஆயத்தஞ்செய்து சுருக்கி அனுப்புவது. அதன் உள்ளமைப்பில் ஒரு தெரிவை மாற்றிவிடின், தமிழ் எழுத்துகள் படவடிவில் வந்துசேர்ந்தன. எழுத்துப் படமாக வருவதனால் தரவுச் செலவு கூடிற்று. அவ்வாறிருந்தும் தமிழர் பலர் அவ்வழியை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் பயன்படுத்தினர். விரைவையும் சிக்கனத்தையும் ஓரளவு விட்டுக்கொடுத்துத் தம் மொழியை வாசித்தனர். விளம்பரத்தாலோ முற்பதிவாலோ நேராத, தேவையினின்று முகிழ்த்த தெரிவு இது. உலாவி வரலாற்றில் மெய்யான தெரிவு எனத் தயக்கமின்றிச் சுட்டத்தக்கது இதுவே எனலாம்.

இன்று ஒருங்குறி நிலைபெற்றுவிட்டது. எவ்வுலாவியிலும் தமிழ் தெரிகின்றது. ஆகவே இனி எதைப் பயன்படுத்தினால் என்ன எனச் சிலர் கேட்கக்கூடும். இவ்விடத்தே ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். ஒபேரா 2013 இலும், மைக்குரோசொவ்றின் எட்ஜ் 2020 இலும் தத்தம் சொந்தப் பொறியைக் கைவிட்டு, குரோமின் அடிப்படையாகிய குரோமியத்தையே ஏற்றுக்கொண்டன. துறையில் தோணிகள் பல, பெயரும் வண்ணமும் வேறு, மரமோ ஒன்று. பொறிகள் பலவாயிருக்கையில், ஒன்று தமிழைச் சிதைப்பின் இன்னொன்றை நாடலாம். யாவும் ஒரே பொறியில் இயங்குமாயின், அதிலுள்ள குறை எல்லாவற்றிலும் குறையாகும். அதனைத் திருத்துவதற்கும் ஓரிடத்தாரையே எதிர்பார்த்து நிற்க நேரும். எண்ணிக்கையிற் சிறிய மொழியினர்க்கு இது அற்பமான விடயமன்று.

எனவே, உலாவித் தெரிவை இரசனையின் பாற்பட்டதெனக் கொள்வது, சூழலின் வினையைத் தனிமனிதர் தலையிற் சுமத்துவதாகும். அதேவேளை, சூழலே முழுவதும் என முடிப்பதும் பிழையாகும். கட்டங்களுக்கிடையே தமிழைத் தேடிய வாசகர் அதற்குச் சான்று. பாடசாலைகளில் உலாவியைத் திறக்கக் கற்பிக்கும் நாம், அது யாருடையது, எதனால் இங்கே இருக்கின்றது என்று வினவவும் கற்பித்தல் வேண்டும். அவ்வினா எழுந்தபின் ஒருவர் முன்னையதையே கைக்கொள்ளினும் தவறில்லை. அப்போதுதான் அது தெரிவு என்ற பெயருக்கு உரியதாகும்.