வீடில்லாதவனுக்குச் சொல்லும் அறிவுரை

“வீட்டுக்குப் போய் நன்றாக ஓய்வெடுங்கள், மருந்தை வேளை தவறாமல் உட்கொள்ளுங்கள்.” மருத்துவமனையிலிருந்து விடைபெறும் நோயாளிக்கு மருத்துவர் கூறும் அறிவுரை எங்கும் இதுதான். கேட்பவனுக்கு வீடே இல்லையென்றால் இந்தச் சொற்களுக்கு என்ன பொருள்? அமெரிக்க எழுத்தாளர் டிரேசி கிடர் 2023-இல் வெளியிட்ட ‘ரஃப் ஸ்லீப்பர்ஸ்’ என்னும் நூலைப் படித்து முடித்தபோது நம் உள்ளத்தில் எஞ்சி நின்ற வினா இதுவே. தெருவில் உறங்குவோர் என்பது அத்தலைப்பின் பொருள்.

நூலின் நாயகர் பாஸ்டன் நகர மருத்துவர் ஜிம் ஓ’கானல். 1985-இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பயிற்சி முடித்து, புற்றுநோய் மருத்துவம் பயில நியூயார்க் புறப்படவிருந்தவர். வீடற்றோருக்கான புதிய மருத்துவத் திட்டத்தில் ஓராண்டு மட்டும் பணிபுரியுமாறு அவரை வேண்டினர். அந்த ஓராண்டு முடியவே இல்லை.

நூலின் மிகச் சிறந்த பகுதி அவரது முதல் நாட்களைப் பற்றியது. பைன் ஸ்ட்ரீட் விடுதியின் செவிலியர், இதயத் துடிப்பு கேட்கும் கருவியை அவரிடமிருந்து வாங்கி வைத்துவிட்டு, வந்தவர்களின் கால்களை நீரில் ஊறவைத்துக் கழுவும் பணியைத் தந்தனர். பார்பரா மெக்கின்னிஸ் என்னும் செவிலியே அவருக்கு ஆசான். பல்லாண்டுகளாக எந்த மருத்துவத்தையும் ஏற்காதிருந்த முதியவர் ஒருவர், வாரக்கணக்கில் கால் கழுவப்பட்ட பின்னரே வாய் திறந்து தம் குறையைச் சொன்னார். நம்பிக்கை பிறந்த பிறகே மருந்து வேலை செய்யும் என்ற உண்மையைக் கிடர் ஆரவாரமின்றி உணர்த்துகிறார்.

ஆயினும் நூலின் குறையையும் சொல்லவேண்டும். ‘மருத்துவர் ஜிம் ஓ’கானலின் பணி’ என்று துணைத்தலைப்பே ஒரு மனிதரை முன்னிறுத்துகிறது. நூல் தரும் செய்திகளோ வேறொன்றைக் காட்டுகின்றன. தெருவுக்குத் திரும்ப இயலாத அளவு நலிந்தவர்கள், ஆனால் மருத்துவமனைப் படுக்கை கிடைக்கும் அளவு நோயில்லாதவர்கள் — இவர்களுக்காகவே அத்திட்டம் 1985-இல் ஒரு விடுதியில் 25 படுக்கைகளை அமைத்தது. பின்னாளில் அது நூற்றுக்கு மேற்பட்ட படுக்கைகளுடன், அந்தச் செவிலியின் பெயர் தாங்கிய தனி இல்லமாக வளர்ந்தது. புண்ணுக்குக் கட்டு மாற்றவும், இன்சுலினைக் குளிர்ச்சியில் வைக்கவும், காய்ச்சல் தணியும்வரை படுத்திருக்கவும் ஓர் இடம்! மருத்துவமனை, விடுதி, செவிலியர், இரவு வண்டியில் போர்வையும் சூப்பும் கொண்டு செல்வோர் ஆகிய அனைவரும் கைகோத்ததன் விளைவு அது.

ஓர் உத்தமரின் வரலாறாக இதைப் படிப்பவர் வியந்துவிட்டு நூலை மூடிவிடுவார். ஓர் ஏற்பாட்டின் வரலாறாகப் படிப்பவரோ, தம் ஊர் மருத்துவமனை வாயிலில் நின்று, ‘இங்கிருந்து அனுப்பப்படும் வீடற்றவன் இன்றிரவு எங்கே படுப்பான்?’ என்று கேட்பார். உத்தமர்களை எல்லா ஊரும் பெறுவதில்லை. ஏற்பாட்டை எந்த ஊரும் செய்துகொள்ளலாம்.

கிடர் இதை அறியாதவர் அல்லர். மருத்துவம் மட்டும் வீடாகிவிடாது என்ற வேதனை அவர் நூலெங்கும் இழையோடுகிறது. ஐந்தாண்டுகள் அம்மக்களோடு பழகி எழுதியவரின் கண்ணில் இரக்கம் இருக்கிறது, ஏளனம் இல்லை. அதற்காகவே இந்நூல் படிக்கத் தக்கது. படித்தபின் மருத்துவரைப் போற்றுவதோடு நிற்காமல், அவருக்குக் கால் கழுவக் கற்பித்த செவிலியரையும் நினைப்பதே இதற்கு நாம் செய்யும் நியாயமாகும்.