பழைய பாட்டும் புதிய கதையும்

காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் வேண்டிய இசைத்தட்டைச் சுழற்றும் பெட்டிக்கு ஜூக் பாக்ஸ் என்று பெயர். முன்னரே மக்கள் நாவில் பழகிய பாடல்களைப் பொறுக்கியெடுத்து, அவற்றைக் கோப்பதற்கென ஒரு கதை புனைந்து எடுக்கப்படும் இசைப் படத்தையும் ஆங்கிலத்தார் அப்பெட்டியின் பெயராலேயே குறிக்கின்றனர். கதைக்கென எழுதிய பாட்டையே கேட்டுப் பழகிய தமிழர் இவ்வகைப் படத்தை முதன்முறையாகக் காணும்போது, ‘இது படைப்பா, தொகுப்பா?’ என்னும் ஐயம் எழுவது இயல்பே. 1952-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சிங்கிங் இன் த ரெயின்’ அவ்வையத்திற்கு நல்லதொரு விடை கூறுகிறது.

இப்படத்தைத் தயாரித்த ஆர்தர் பிரீட் முன்னர்ப் பாடலாசிரியராக விளங்கியவர். நாசியோ ஹெர்ப் பிரவுன் இசையமைக்க அவர் எழுதிய பாடல்கள் 1929 முதல் 1939 வரை பல படங்களில் இடம்பெற்றவை. அவற்றை வைத்துக் கதை எழுதும் பணி பெட்டி காம்டன், அடால்ப் கிரீன் ஆகிய இருவரிடமும் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் பாட்டைக் கதைக்கு இழுக்கவில்லை. கதையைப் பாட்டின் காலத்திற்கே கொண்டு சென்றனர். ஊமைப்படம் பேசத் தொடங்கிய 1927-ஆம் ஆண்டே கதையின் களமாயிற்று.

ஊமைப்பட நாயகி லீனாவுக்கு முகத்தில் அழகுண்டு. குரலோ காதைக் கிழிக்கும். பேசும்படம் வந்ததும், கேத்தி என்னும் இளம் நடிகை திரைமறைவில் நின்று அவளுக்குக் குரல் கொடுக்க நேர்கிறது. இரவல் பாட்டால் ஆகிய படம், இரவல் குரலையே தன் கதைப் பொருளாகக் கொண்டது. கதாசிரியர்களின் நுண்ணறிவுக்கு இதுவே சான்று.

தலைப்புப் பாடலையே எடுத்துக்கொள்வோம். 1929-இல் ‘ஹாலிவுட் ரெவ்யூ’ படத்தில், மழைச்சட்டை அணிந்த நட்சத்திரக் கூட்டம் இறுதியில் கூடிப் பாடிய பாட்டு அது. அங்கே அது வெறும் கேளிக்கை. இங்கோ, காதலியை வாயிலில் விட்டு வரும் ஜீன் கெல்லி, காத்திருந்த வாடகைக் காரை அனுப்பிவிட்டு, குடையை மடக்கி, கொட்டும் மழையில் தனியே ஆடுகிறார். சொல் பழையது, பொருள் புதியது. மற்றொரு பாடலில், காதலைச் சொல்ல நாவெழாத நாயகன் வெறுமையான படப்பிடிப்புக் கூடத்தில் விளக்கேற்றி, காற்றாடியைச் சுழலவிட்டு, காதலியை ஏணியில் நிறுத்திய பின்னரே பாடுகிறான். நடிப்பன்றி வேறறியாதவனின் உள்ளம் அப்பாட்டில்தான் புலனாகிறது.

எல்லாப் பாடல்களும் இவ்வாறு பொருந்தின என்பதற்கில்லை. அழகியரின் உடையணிவகுப்பாக வரும் பாட்டை நீக்கினால் கதைக்கு இழப்பில்லை. பத்து நிமிடத்திற்கு மேல் நீளும் பிராட்வே நடனமும் கண்ணுக்கு விருந்தே; ஆயினும் அது முடியும்வரை கதை நகராமல் நிற்கிறது. ஜீன் கெல்லியோடு சேர்ந்து இயக்கிய ஸ்டான்லி டோனன் இவ்விரண்டிடத்தும் கத்தரிக்கோலைச் சற்றுத் துணிவோடு எடுத்திருக்கலாம்.

இறுதிக் காட்சியில் திரை உயர, பின்னின்று பாடும் கேத்தியை அவையோர் காண்கின்றனர். உழைத்தவளுக்குப் பெயர் கிடைக்கிறது. ஆனால் உண்மையோ வேறு. கதைப்படி லீனாவுக்காகக் கேத்தி பாடும் ‘வுட் யூ’ என்ற பாட்டைப் பாடியவர், கேத்தியாக நடித்த டெபி ரெனால்ட்ஸ் அல்லர். பெட்டி நோயஸ் என்னும் பாடகி. படத்தின் பெயர்ப் பட்டியலில் அவருக்கு இடமில்லை. கதைக்குள் வழங்கிய நீதியைப் படம் தன் வீட்டிற்குள் வழங்கத் தவறியது. பின்னணிப் பாடகரை நடிகருக்கு இணையாகப் போற்றும் தமிழ் இரசிகரின் நெஞ்சில் இக்குறை தைக்காமல் இராது.

இவ்வகைப் படங்களை மதிப்பிட ஓர் அளவுகோல் போதும். பாட்டை எடுத்துவிட்டால் கதை ஊனமுறுகிறதா? ஊனமுறின் அது படைப்பு, இன்றேல் தொகுப்பு. மழைப் பாட்டை எடுத்துவிட்டு இப்படத்தை எண்ணிப் பார்க்க இயலுமா? இயலாது. ஆகவே, குறை சிலவுடைய இப்படத்தைப் படைப்பு என்றே கொள்ளல் தகும். அதனோடு பெட்டி நோயஸின் பெயரையும் நினைவிற் கொள்ளல் முறை.