பெட்ரா கெல்லியும் தோற்றுப்போன ஓட்டுகளும்

பெட்ரா கெல்லி என்று தேடினால் முதலில் வருவது அவருடைய சாவு. 1992 அக்டோபரில் பான் நகரத்து வீட்டில் அவரும் கெர்ட் பாஸ்டியனும் இறந்து கிடந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவரை பாஸ்டியன் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டார் என்பது போலீஸின் முடிவு. கெல்லிக்கு 44 வயது. அடுத்து வருவது மறியல் படங்கள்: முட்லாங்கன் ராணுவத் தளத்தின் வாசலில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் எழுத்தாளர் ஹைன்ரிஷ் ப்யோல். இந்த இரண்டுக்கும் இடையில் 1983 முதல் 1990 வரை அவர் மேற்கு ஜெர்மனி நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினராக இருந்தார். அந்த ஏழு வருஷ வேலையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு சுவாரசியமாகப் பட்டது அதுதான்.

கொஞ்சம் பின்னணி. 1983 மார்ச் தேர்தலில் பசுமைக் கட்சி 5.6 சதவீதம் வாங்கியது. அங்கே 5 சதவீதத்துக்குக் கீழே போனால் பட்டியல் இடம் எதுவும் கிடையாது, அதனால் நூலிழையில் உள்ளே வந்தார்கள் என்று சொல்லலாம். ஸ்வெட்டரும் பூந்தொட்டியுமாக 28 பேர் அவைக்குள் வந்து உட்கார்ந்தது பழைய உறுப்பினர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. ஆனா ஓட்டுக் கணக்கு என்று வந்தால் 28 ஒன்றுமே இல்லை. அந்த வருஷம் நவம்பர் 22 அன்று அமெரிக்காவின் பெர்ஷிங் ஏவுகணைகளை நாட்டில் நிறுத்துவதா என்று ஓட்டெடுப்பு. கெல்லி அரசியலுக்கு வந்ததற்கே இது ஒரு முக்கியக் காரணம். ஆதரவு 286, எதிர்ப்பு 226. பெரிய எதிர்க்கட்சியான எஸ்.பி.டி.யில் பெரும்பாலானோர் எதிர்த்து ஓட்டுப் போட்டும் 60 ஓட்டில் தோல்வி. முடிந்தது கதை.

ஓட்டெடுப்பில் ஜெயிக்கவே முடியாத ஒருவர் அடுத்த ஏழு வருஷம் அங்கே என்ன செய்ய முடியும்? கத்தலாம், வெளிநடப்பு செய்யலாம். கெல்லியும் அவர் கட்சியும் கேள்வி கேட்டார்கள்.

அந்த அவையில் 'சிறு வினா' என்று ஒரு வழி உண்டு. நம்ம லோக்சபாவில் நட்சத்திரமில்லாக் கேள்விக்கு எழுத்தில் பதில் வருமே, கிட்டத்தட்ட அது மாதிரி. வித்தியாசம், அதைத் தனி உறுப்பினர் கொடுக்க முடியாது, கட்சிக் குழு கொடுக்க வேண்டும். ஒரே விஷயத்தில் இருபது முப்பது உட்கேள்விகள்கூட வைக்கலாம். அரசு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும், அது அச்சாகி ஆவணமாக நிற்கும். இதற்கு முந்தைய, பாதியில் கலைந்த அவையில் இப்படி வந்தவை சுமார் 300. பசுமைக் கட்சி வந்த 1983–87 அவையில் ஆயிரத்தைத் தாண்டியது. அதில் பெரும்பங்கு இவர்களுடையது. கொண்டுவந்த தீர்மானங்கள் ஏறக்குறைய எல்லாமே தோற்றன. பதில்கள் மட்டும் தங்கிவிட்டன. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். மேனேஜர் வாயால் "பார்த்துக்கலாம்" என்று சொல்வது வேறு, டிக்கெட் போட்டு அதில் எழுத்தாகப் பதில் வாங்குவது வேறு. ரெண்டாவதை ஆறு மாதம் கழித்தும் எடுத்துக் காட்டலாம்.

கெல்லிக்கு இந்த முறை கச்சிதமாகப் பொருந்தியது. அவர் அதற்கு முன்னால் பத்து வருஷத்துக்கு மேல் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஆணையத்தில் வேலை பார்த்தவர். ஃபைல், குறிப்பு, பதில் கடிதம் எல்லாம் பழக்கம். தங்கை கிரேஸ் 1970ல் பத்து வயதில் புற்றுநோயால் இறந்தாள். கதிர்வீச்சு பற்றியும் குழந்தைகளின் புற்றுநோய் பற்றியும் கெல்லி படிக்க ஆரம்பித்தது அதிலிருந்துதான். அணுசக்தி அவருக்கு வெறும் மின்சாரப் பிரச்னை கிடையாது. யுரேனியம் யாருடைய நிலத்தில் தோண்டப்படுகிறது, கழிவு எங்கே கொட்டப்படுகிறது, யாருக்கு நோய் வருகிறது, அவர்களுக்கு எதிர்த்துப் பேச உரிமை உண்டா என்று அவருடைய கேள்வி நீண்டுகொண்டே போகும். சுற்றுச்சூழலும் மனித உரிமையும் அவருக்கு ஒரே ஃபைல்.

இங்கேதான் அவரைச் சொந்தக் கட்சியிலேயே பலருக்குப் பிடிக்காமல் போனது. அன்றைய இடதுசாரிகளில் நிறையப் பேருக்கு அமெரிக்க ஏவுகணைதான் ஏவுகணை. சோவியத் தரப்பைப் பற்றிப் பேசினால் வலதுசாரிகளுக்கு உதவி செய்வதாகிவிடும் என்பது வாதம். (நம்ம ஊரிலும் கேட்ட குரல்தான்.) கெல்லி 1983 மே மாதம் கிழக்கு பெர்லினுக்குப் போய் அலெக்ஸாண்டர் சதுக்கத்தில் சகாக்களோடு பேனர் பிடித்துக் கைதானார். அக்டோபரில் கிழக்கு ஜெர்மனித் தலைவர் ஹோனக்கரைச் சந்திக்கப் போனபோது, அந்த நாட்டு அமைதி இயக்கத்தின் 'வாளைக் கொழுவாக்கு' முத்திரை போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு போனார். அங்கே இளைஞர்கள் அதே முத்திரையைக் குத்திக்கொண்டு தெருவில் போனால் போலீஸ் பிடிக்கும். டிசம்பரில் பேர்பல் போலாய், உல்ரிக்கே போப்பே என்ற இரண்டு அமைதி இயக்கப் பெண்களைக் கைது செய்தார்கள். மேற்கிலிருந்து எழுந்த சத்தத்தில் ஆறு வாரத்தில் வெளியே வந்தார்கள். அந்தச் சத்தத்தில் கெல்லிக்குப் பங்கு உண்டு.

அவருடைய நாடாளுமன்ற வேலையை எடைபோட என்னைக் கேட்டால் திபெத்தைத்தான் எடுப்பேன். 1987 ஜூலையில் சான்சலர் ஹெல்முட் கோல் சீனா போனபோது லாசாவுக்கும் போய்வந்தார். மேற்கு நாடுகளின் அரசுத் தலைவர் ஒருவர் அங்கே போவது அதுவே முதல்முறை. செப்டம்பரில் தலாய் லாமா வாஷிங்டனில் ஐந்து அம்சத் திட்டத்தை வைத்தார். அதில் நான்காவது, திபெத்தின் இயற்கையை மீட்பதும் அங்கே அணு ஆயுதத் தயாரிப்பையும் அணுக்கழிவு கொட்டுவதையும் நிறுத்துவதும். கெல்லியின் மொத்த அரசியலும் அந்த ஒரு அம்சத்துக்குள் அடங்கிவிடும். அந்த மாதக் கடைசியிலும் அக்டோபர் முதல் தேதியும் லாசாவில் போராட்டம், துப்பாக்கிச் சூடு. அக்டோபர் 15ம் தேதி ஜெர்மன் நாடாளுமன்றம் எல்லாக் கட்சிகளின் சம்மதத்தோடு திபெத் மனித உரிமை குறித்துத் தீர்மானம் போட்டது. எதைக் கொண்டுவந்தாலும் தோற்கிற கட்சிக்காரர் ஆளுங்கட்சியையும் சேர்த்துக்கொண்டு ஜெயித்த இடம் இது. இதற்கு அவர் சொந்தக் கட்சியின் கூச்சத்தையும் தாண்ட வேண்டியிருந்தது. பசுமைக் கட்சிக்குள் பழைய மாவோயிஸ்ட் குழுக்களிலிருந்து வந்தவர்கள் கணிசம். அவர்களுக்குத் திபெத் என்றால் மடங்களும் நிலப்பிரபுத்துவமும்தான்.

தீர்மானத்தோடு அவர் நிற்கவில்லை. 1989 ஏப்ரல் 20, 21 தேதிகளில் பான் நகரில் திபெத் பற்றி ஒரு சர்வதேச விசாரணை அமர்வு நடத்தினார்கள். சாட்சிகள், சட்ட வல்லுநர்கள், மருத்துவர்கள், அவ்வளவு பேச்சும் பதிவாகிப் புத்தகமானது. தியனன்மென் படுகொலைக்கு ஆறு வாரம் முன்னால். சீனாவில் மனித உரிமை என்று பேசுவது வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்று கருதப்பட்ட நேரத்தில் நடந்தது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி மறுபக்கம். கெல்லியின் எதிர்க்கட்சி முறைக்கு வலுவான மறுப்பு அதே கட்சியிலேயே இருந்தது. எஸ்.பி.டி.யோடு கூட்டணி சேர்வதை கெல்லி ஏற்கவில்லை. ஹெஸ்ஸன் மாநிலத்தில் யோஷ்கா ஃபிஷர் அப்படிச் சேர்ந்து 1985 டிசம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சரானார். நாலரை மாதத்தில் செர்னோபில். பாலில் கதிரியக்க அயோடின் லிட்டருக்கு 500 பெக்கரல் வரை இருக்கலாம் என்றது கூட்டாட்சி அரசின் ஆலோசனைக் குழு. ஹெஸ்ஸன் அரசு 20தான் என்றது. குழந்தைக்குப் பால் காய்ச்சுகிற அம்மாவுக்கு அந்த 20 உடனே பயன்பட்டது. எத்தனை சிறு வினா போட்டாலும் கெல்லியால் அந்த எண்ணை எழுத முடியாது. இதை அவருடைய ரசிகர்கள் சுலபமாகத் தாண்டிப் போகிறார்கள், அது நியாயமில்லை. அதே ஹெஸ்ஸன் கூட்டணி 1987 பிப்ரவரியில் ஹனாவ் நகரத்து புளூட்டோனியம் ஆலைக்கு உரிமம் தருகிற விஷயத்தில் உடைந்தது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். பதவியால் பால் வரம்பை மாற்ற முடிந்தது, ஆலையை நிறுத்த முடியவில்லை.

அவர் மேல் எனக்கு இருக்கும் பெரிய விமர்சனம் வேறு. கட்சியில் சுழற்சி என்று ஒரு விதி: உறுப்பினர்கள் இரண்டு வருஷத்தில் ராஜினாமா செய்து பட்டியலில் அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். 1985ல் கெல்லி மறுத்துவிட்டார். கட்சி அவரை மன்னிக்கவே இல்லை. விதி முட்டாள்தனமானது என்பதே என் கருத்து. வெளியுறவுக் குழுவில் ஒருவர் வேலை கற்றுக்கொள்ளவே இரண்டு வருஷம் ஆகும். அன்று அவர் போயிருந்தால் 1987 தீர்மானமும் 1989 அமர்வும் வேறு யார் செய்திருப்பார்கள்? ஆனால் அந்த விதி பயந்த ஒன்று அவர் விஷயத்தில் அப்படியே நடந்தது. எல்லாவற்றையும் அவரே செய்தார். திபெத், தென்னாப்பிரிக்கா, புற்றுநோய்க் குழந்தைகள், யுரேனியம், கிழக்கு ஜெர்மனிக் கைதிகள், எதுவும் இன்னொன்றுக்குப் பிறகு என்று தள்ளிவைக்கப்படவில்லை. மலை மாதிரி கடிதம், தூக்கமில்லாத ராத்திரி, சோர்ந்துபோன உதவியாளர்கள். சாரா பார்க்கின் 1994ல் எழுதிய வாழ்க்கை வரலாற்றைப் படித்தால் நமக்கே மூச்சு வாங்கும். தனக்குப் பின் அந்த வேலையை அதே தீவிரத்தோடு எடுத்து நடத்த நாலு பேரை அவர் தயார் செய்யவில்லை. ஒரே ஆளுக்கு மட்டும் தெரிந்த சிஸ்டம், அந்த ஆள் போனதும் நின்றுவிடும்.

1990 டிசம்பரில் ஜெர்மனிகள் ஒன்றான கையோடு தேர்தல். எல்லோரும் ஜெர்மனியைப் பற்றிப் பேசுகிறார்கள், நாங்கள் வானிலையைப் பற்றிப் பேசுகிறோம் என்பது பசுமைக் கட்சியின் பிரசாரம். புவி வெப்பமடைவதை வைத்து ஓட்டுக் கேட்டார்கள், அதுவும் 1990ல்! மேற்கில் 4.8 சதவீதம். ஒரு இடம்கூட இல்லை. கிழக்கு ஜெர்மனியின் எதிர்ப்பு இயக்கங்களோடு சேர்ந்த அணிதான் எட்டுப் பேரை உள்ளே அனுப்பியது.

மனித உரிமைக்கென்று வெளியுறவுக் குழுவின் கீழ் ஒரு துணைக்குழு 1987ல்தான் வந்தது. 1998ல் அது முழுக் குழுவாக உயர்ந்தது. அதே வருஷம் ஃபிஷர் வெளியுறவு அமைச்சரானார்.

கெல்லி காலத்துக் கேள்வி பதில்களை ஜெர்மன் நாடாளுமன்றத்தின் ஆவணத் தளத்தில் ஸ்கேன் செய்து இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். ஆவண எண் 10 என்று தொடங்கினால் 1983–87, 11 என்று தொடங்கினால் 1987–90. ஜெர்மன் தெரியாதவர்கள் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் படிக்கலாம், சுமாராகப் புரிகிறது. கேள்விகளை விட பதில்களை நிதானமாகப் படியுங்கள். எந்த இடத்தில் அமைச்சகம் எண் கொடுக்காமல் நழுவுகிறது என்று பார்த்துக்கொண்டே போவது தனி சுவாரசியம்.